பலகை அடித்த ஜன்னல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். போனில் எதைச் சொன்னாலும் "என்ன, என்ன" என்கிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் பக்கத்து வீடு விலைக்கு வருகிறது என்று புரோக்கர் சொன்னார். கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீடு என்றதும் என் வீட்டுக்காரிக்குக் கொள்ளை ஆசை. எனக்கு மைதானம் பெரிதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருப்பாய். லிஃப்ட் ரிப்பேர் செய்தே தேய்ந்த முட்டிக்கு மாடிப்படி இல்லாத வீடும் ஆயிற்று.

எட்டு வருஷமாக அங்கே இருக்கிறாய். நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் எழுது. நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். மகள் வீட்டுப் பக்கத்திலும் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கண்டேன். நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். எதிரே எவனும் மாடி கட்டி வெளிச்சத்தை மறைக்க முடியாது. காற்றுக்குக் குறைவில்லை. அவ்வளவுதான்.

கெட்டதுக்கு இன்னொரு தாள் வேண்டும். விடிவதற்குள் புல்வெட்டும் வண்டி தலைமாட்டிலேயே ஓடுகிற மாதிரி கத்தும். பூச்சிமருந்து அடித்தால் இரண்டு நாள் வெளியே துணி காயப்போட முடியாது. அங்கே அடிக்கிற பந்து பட்டுச் சமையலறைக் கண்ணாடி மூன்று முறை உடைந்தது. மைதானத்து ஆபீசில் போய்க் கேட்டால், "தெரிஞ்சுதானே வாங்கினீங்க" என்கிறார்கள். பந்து தேடுகிறேன் என்று முன்பின் தெரியாதவர்கள் தோட்டத்துக்குள் வந்து நிற்கிறார்கள். பச்சையைப் பார்க்கவென்றே வைத்த பெரிய ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டோம். உன் அத்தான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் வாசலில் பேப்பர் படிக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு வீட்டில் உட்கார ஹெல்மெட் வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள்.

வாங்காதே.

உன் அக்கா

மார்ச் 19

அக்கா,

இரண்டு பேரும் படித்தோம். "உங்க அக்காவுக்கு நாம பக்கத்துல வர்றது பிடிக்கலை. அதை நேரா சொல்லாம பந்து மேல பழி போடறாங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி. அவளோடு சண்டை போட்டேன். பிறகு நானே திரும்பப் படித்தேன். நீங்கள் வந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு வரி இல்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோதும் நீ வரவில்லை. அப்போதும் காரணம்தான் எழுதினாய்.

இருபத்தெட்டுக்குள் புரோக்கருக்குப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் வருவது உனக்குப் பாரமா? ஒரு வார்த்தை எழுது, போதும்.

தம்பி

மார்ச் 24

என் தம்பிக்கு,

பாரமா என்று கேட்டுவிட்டாய். நீ வரலாம் என்று எழுதிய நாளிலிருந்து அந்த வீட்டுச் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஹெல்மெட் கதையை நீ சிரிப்பதற்காக எழுதினேன். அதை அவர் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. நேற்று சாப்பாட்டுத் தட்டோடு போனேன். "யாரும்மா, பந்து தேடி வந்தீங்களா? இங்க எதுவும் விழலையே" என்றார். "சரிங்க, வேற பக்கம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டேன்.

களைத்துவிட்டேன்டா. நீ பக்கத்தில் இருந்தால் மத்தியானத்தில் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடுவேன். ஆனால் நீ ஒரு மணி நேரத்தோடு விடமாட்டாய். அம்மாவை ஒன்பது வருஷம் தூக்கிக் கிடத்தியவன் நீ. அந்த முட்டியோடு இவரையும் தூக்கு என்று எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? வீட்டைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதப் போனாலும், உனக்காக எழுதுகிறேனா எனக்காகவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால்தான் கெட்டதை மட்டும் எழுதினேன்.

இதைப் போடுவேனா என்று தபால்பெட்டி வரை போனால்தான் தெரியும்.

அக்கா

மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீளமாக ஒன்று எழுதினேன். தபால்பெட்டி வரை கொண்டுபோய், போடாமல் திரும்பிவிட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டாய். ஆமாம், பாரம்தான். எங்களுக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது. மகள் வீட்டுப் பக்கத்தில் பார்த்ததையே வாங்கு. உன் வீட்டுக்காரி மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்.

உன் அக்கா

பி.கு.: உன் பழைய ஹெல்மெட் சும்மா கிடந்தால் பார்சலில் அனுப்பு. அத்தானுடையதில் வார் அறுந்துவிட்டது. படுக்கும்போது கழுத்தை உறுத்தாததாக இருந்தால் நல்லது.