இரண்டாவது பாட்டு யார் குரல்?

14.9.2025, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. நீலமேகம் அனுப்பிய படத்தைப் பதினொன்றாவது முறை பார்த்து முடித்தேன்.

அன்புள்ள கீர்த்திக்கு, இங்கே நானும் அம்மாவும் சுகம், எண்ணூர்க் காற்று வழக்கம்போல் நாறுகிறது, மும்பை மழையில் உனக்கு இழுப்பு கிளம்பாமல் இருக்கிறதா. இன்ஹேலரைப் பையிலேயே வை. போன் பண்ணினால் அப்புறம் பேசுறேன்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் பாட்டி ரமாபாய் 1938-ல் நடித்த பேசும்படம் கிடைத்துவிட்டது என்று, பழைய படம் சேகரிக்கிற அந்த நீலமேகம் வந்து நின்றதிலிருந்து வீட்டில் சமையலே ஒழுங்காக இல்லை. ஊர் ஊராய்க் கொட்டகை போடுகிற நாடகக் குடும்பத்தின் கதை, தாய் ராஜபார்ட் கட்டுகிறவள், மகள் அவளை விட்டுவிட்டுப் பட்டணம் போகிறாள். ரமாபாய்தான் தாய். மிஞ்சியது இருபது நிமிடம், அதில் இரண்டு பாட்டு. அம்மா அழுதேவிட்டாள், "என் பாட்டி சினிமாவுல பாடிச்சின்னா எவனாவது நம்புனானா, இப்ப வந்து பாக்கட்டும் எல்லாரும்" என்றாள். கூத்தாடி வீட்டுப் பெண் என்று எங்கள் கல்யாணத்தில் முகம் சுளித்த என் பெரியம்மா கூட்டம் மொத்தத்தையும் 21-ம் தேதி ராயபுரம் மண்டபத்தில் படம் பார்க்க அழைத்துவிட்டாள், புடவை எடுக்க வண்ணாரப்பேட்டையும் போய் வந்தாயிற்று.

எனக்கு அந்த ஆள் மேல் முதல் நாளே சந்தேகம். பக்கத்து வீட்டு ஜாபர், "இன்னா மாமு, மாமியார் வூட்டு சினிமாவுக்கே போலீஸ் வேல பாத்துகினு கீற" என்று நக்கல் அடிக்கிறான். பம்பு ஓடுகிற சத்தத்தை வைத்து பேரிங் பழுதைச் சொல்கிற வேலை எனக்கு, காது சும்மா இருக்காது. அந்தக் காலத்தில் நடிக்கும்போதே பாட வேண்டும், மைக் ஒன்றுதான். முதல் பாட்டில் ரமாபாய் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் குரல் தேய்கிறது, சரி, அது அசல். இரண்டாவது, மகள் போன பிறகு தாய் வெறும் மேடையில் பாடுவது. அதில் முழு முதுகையும் காட்டி நடக்கிறாள், குரல் மட்டும் காதோரமே நிற்கிறது. கரகரப்புகூட ஒரே சீராக, மேலே தூவிய மாதிரி. பாட்டு பிறகு சேர்த்தது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் அந்தக் குரல் மூச்சைப் பாதியில் கடித்துக்கொள்கிறது. இருபத்தொரு வயதில் அப்பாவாகி, இழுக்கிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் கேட்ட உன் மூச்சு அது. நீலமேகம் போன மாதம் மும்பை வந்தானே, எதற்கு? தெரிந்தே பாடினாயா, வேறு எதற்கோ என்று சொல்லிப் பாட வைத்தானா, நீ எப்போதோ பாடி வைத்த பதிவு எதையாவது எடுத்து ஒட்டினானா? பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வெளியில் கண்டதையும் தின்னாதே. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருப்பாய். இனி நான் செய்யப்போவது:

1. அம்மாவிடம் இன்றைக்கு வாய் திறக்கமாட்டேன்.
2. புதன்கிழமைக்குள் நீ பேசாவிட்டால் நீலமேகம் வீட்டுக்கே போய்க் கேட்பேன்.
3. அவன் உன்னை ஏமாற்றியிருந்தால், அந்தப் பாட்டுக்கு முன்னால் படத்தை நிறுத்துவேன், அம்மா என்னோடு பேசாமல் போனாலும் சரி.
4. நீ தெரிந்தே பாடியிருந்தால் நிறுத்தமாட்டேன். ரமாபாய் பெயருக்குக் கீழே, இரண்டாவது பாட்டு அவருடைய கொள்ளுப்பேத்தி கீர்த்தி என்று போட வைப்பேன். பெரியம்மா கூட்டம் அதையும் படிக்கட்டும்.

உன் அப்பா,
வெற்றி