அப்பா கேட்காத சாளைக் குழம்பு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். இது என் அப்பாவுக்கு எழுதுவது.

அப்பா, ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து அம்மா இன்று கொண்டுவந்த தேங்காய் போட்ட பயற்றுத் தோரன் பொரியலின் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. நீங்கள் போன பிறகு அம்மாவுக்கு அங்கேதான் வேலை. அந்த வாசனை வந்தாலே உங்கள் கட்டில் ஞாபகம் வந்துவிடுகிறது.

நீங்கள் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத சாப்பாட்டை வார்டில் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அது வேண்டாம் என்பவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று கீழே போட்டிருந்தது. எல்லாம் மலையாளம். நம் வீட்டில் எனக்கு மட்டும்தான் வாசிக்க வரும்.

"என்ன மக்களே போட்டிருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

நீங்கள் மீனும் சாப்பிடலாம் என்று சிஸ்டர் என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் விடியுமுன் எழுந்து குழம்பு வைத்து, விழிஞ்ஞத்தில் நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் தூக்கி வந்து, பிறகு பள்ளிக்கூடம் ஓட வேண்டியது நான்தானே? "டாக்டர் உங்களுக்கு இதுதான் எழுதியிருக்கார்ப்பா" என்றேன். சம்மதம் என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன்.

மீன் வாசம் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர் நீங்கள். ஒன்பது நாள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் ஆட்டோக்கார மாமன் தினமும் வம்பிழுப்பார்: "எந்தா அண்ணாச்சி, இன்னைக்கும் புல்லுதானா? நாளைக்குப் பால் கறக்க வருவாங்க, கேட்டோ!" நீங்கள் இருமல் வரும்வரை சிரிப்பீர்கள். ஒருநாள் அவர் தன் வீட்டுச் சாளை மீன் குழம்பை நீட்டினார். அப்போது நீங்கள் சிரிக்கவில்லை. "வேண்டாம்யா, எனக்கு ஆகாதாம். எம் பிள்ள வாசிச்சுச் சொல்லிச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

சாப்பாட்டினால் ஒன்றுமில்லை, இருதயம்தான் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அது நல்ல சாப்பாடுதான் அப்பா. என் எரிச்சல் அதன்மேல் இல்லை. உங்களுக்கு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

நாளை அந்தச் சாப்பாட்டைப் பாராட்டி ஆஸ்பத்திரியில் விழா. நான் மேடையில் வாசிக்க டயட்டீஷியன் மேடமே எழுதித் தந்திருக்கிறார்: 'என் அப்பா கடைசிவரை விரும்பிச் சாப்பிட்டார்.' உங்களைப் பார்த்ததுகூட இல்லை அவர்! "வேற யாரையாவது பேசச் சொல்லுங்க மேடம், எனக்கு அழுகை வந்துரும்" என்றேன். "அழுதாலும் பரவாயில்ல மோளே, கேட்கிறவங்களுக்கு மனசுல தட்டும்" என்கிறார். அம்மாவோ, "அவரு கடைசிவரை டாக்டர் சொன்னதத்தான் சாப்பிட்டாரு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமைப்படுகிறாள். உண்மையைச் சொன்னால் அவள் வேலை என்னாகும்? என் முகத்தைத்தான் பார்ப்பாளா?

பயமாக இருக்கிறது அப்பா. ஆனால் நான் வாசித்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நம்பினீர்களே, அது என்னை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. இன்னொரு பொய்யை வாசிக்க முடியாது. மேடத்தின் வரியை அடித்துவிட்டேன். அதன்மேல், 'அப்பாவுக்கு மீன்தான் பிடிக்கும், நான்தான் அவரிடம்' என்று எழுதிக்கொண்டிரு

கதவைத் தட்டுகிறாள். அம்மா