ஹிரோவதாரி அண்ணனுக்காகக் குடித்தது

நவம்பர் 12
எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்றுத் தெருக்காரர்கள் விருந்தில் நாலைந்து கிண்ணம் சாக்கே மது உள்ளே போனதும், கோவில் மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடினேனாம். தொகியே என்று நினைத்துவிட்டேன். இடுப்பளவு அப்படி. இதைத் தொகியேயிடமே சொன்னேன். பெண்டாட்டி என்றும் பாராமல் சொன்னதால் காலைச் சோறு கிடைக்கவில்லை.

மத்தியானம் ஹிரோவதாரி அண்ணன் என் கடைக்கு வந்தார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீன் வடை வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று பொட்டலம் கட்டப் போனேன். பார்த்தால், மார்போடு ஒரு கிண்ணத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறார். குயவர் உத்சுமி செய்தது. போன மாதம் வாங்கியது.

எங்கள் ஹாகி ஊர்க் கிண்ணம் பிள்ளை மாதிரி. வாங்கினால் போதாது, வளர்க்க வேண்டும். தினமும் அதில் குடித்தால் மேல்பூச்சின் மயிரிழை வெடிப்புகளில் சாக்கே இறங்கி மெல்ல நிறம் மாறும். உத்சுமி பிடிவாதக்காரர். பழைய கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டி, ஒழுங்காக வளர்த்திருக்கிறாய் என்று அவர் வாயால் வந்தால்தான் அடுத்த கிண்ணம் தருவார். அடுத்த வருஷச் சூளைத் திறப்பில் அவருடைய வெள்ளைக் கிண்ணம் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பது அண்ணன் கனவு. ஆனால் டாக்டர் அவர் ஈரலைப் பார்த்துவிட்டு, இனி ஒரு சொட்டுக்கூட ஆகாது என்றுவிட்டார்.

"நேத்து நீ பாடினதைக் கேட்டேன் இசாமு," என்றார். "உன்னை விட்டா வேற ஆள் இல்லை. எனக்குப் பதிலா நீ குடிக்கிறியா?"

இத்தனை வயதில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நவம்பர் 13
தொகியேக்குச் சம்மதமில்லை. இது குடி இல்லை, வேலை என்றேன். அப்படியென்றால் வேலைக்குக் கிளம்பும்போது வைத்துக்கொள்ளும் மூஞ்சியோடு குடி என்றாள். முயன்று பார்த்தேன். முடியவில்லை.

டிசம்பர் 2
அண்ணன் தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்லி டீயை உறிஞ்சிக்கொண்டு என்னை மேய்க்கிறார். மெதுவாகக் குடி, கொஞ்சம் மிச்சம் வை, அது ஊறட்டும் - மாமியார் தோற்றாள். இன்று வேண்டுமென்றே, எப்படி இருக்கிறதென்று சொல்லட்டுமா என்று சீண்டினேன்.

"சொல்லு," என்றார்.

சொன்னேன். தொண்டையில் இறங்குவதுவரை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கினார். அதற்கு மேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. எனக்கா கிண்டல் வரவில்லை? உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

ஜனவரி 20
ஆகிவிட்டது. காய்ச்சல். குடிக்கவில்லை. அண்ணன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் தொட்டுப் பார்த்தது என் நெற்றியை அல்ல. கிண்ணம் காய்ந்துவிட்டதா என்று.

ஏப்ரல் 6
கிண்ணத்தின் விளிம்பில் இளஞ்சிவப்பு ஏறியிருக்கிறது! என் மூக்கின் நிறம் என்றாள் தொகியே. அண்ணன் சாயங்காலம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்லி டீ ஆறிப்போனது.

ஆகஸ்ட் 15
வெயில். குடித்தேன்.

அக்டோபர் 18
சூளைத் திறப்பு. வண்டியில் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் விடாதே, மேட்டில் விடாதே என்று ஒரே பாட்டு. ரோட்டில் வேறென்ன இருக்கிறது?

உத்சுமி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது. அருமையாக வளர்ந்திருக்கிறது, யார் வளர்த்தது என்று கேட்டார். நான்தான் என்றார் அண்ணன். காது சிவந்துவிட்டது.

உத்சுமி கிண்ணத்தை அண்ணன் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பூச்சில் முக்கும்போது குயவன் விரல் பட்ட இடம் ஒரு குழிபோல இருக்கும். எல்லாரும் கட்டைவிரலை அங்கேதான் வைப்போம். அண்ணன் வலது கையால் அப்படிப் பிடித்ததும், அவர் வாய் படவேண்டிய இடம் நிறம் மாறாமல் இருந்தது. சிவப்பெல்லாம் எதிர்ப்பக்கம்.

"இதுல குடிச்சவன் இடதுகைக்காரன்," என்றார் உத்சுமி.

அந்த நேரம் பார்த்து நான் இடது கையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன். நிறுத்தினேன். பிரயோஜனமில்லை.

வெள்ளைக் கிண்ணத்தை மரப்பெட்டியில் வைத்து என்னிடம்தான் நீட்டினார். வளர்த்தவனுக்குத்தான் தருவாராம். வேண்டாம் என்றாலும் விடவில்லை. கடைக் காசு மொத்தமும் போனது.

திரும்பும்போது அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளத்திலும் விட்டேன், மேட்டிலும் விட்டேன் - ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நல்லாத்தாண்டா வளர்த்திருக்கே."

திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 19
தூக்கமில்லை. அந்த வெள்ளைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? அண்ணனுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். டீ குடித்தாலும் கிண்ணம் வளரும், நிறம்தான் வேறாக இருக்கும். டீ வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லையே. தொகியேயிடம் சொன்னேன்.

"உனக்குள்ளயும் ஒரு மனுஷன் இருக்கான்," என்றாள். "எப்பவாச்சும் வெளிய விடு."

ஒரே சிக்கல். பெட்டியை வண்டியில் மீன் வடைத் தட்டோடு வைத்திருந்தேன். மூடியில் எண்ணெய்க் கறை, உத்சுமி தூரிகையால் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்திலேயே. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் அது உத்சுமி கிண்ணம் என்று ஊர் நம்பும். இரண்டாம் முறை கையெழுத்துப் போடமாட்டார் மனுஷன். இந்த நாற்றத்தோடு யாராவது பரிசு கொடுப்பார்களா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தொகியே பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 20
கடையில் மீன் விழுதை வைத்து வேகவைக்கும் பலகைகளைத் தேய்ப்பதுபோலவே, தொகியே மூடியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாள். கறை போய்விட்டது. கையெழுத்தும் போய்விட்டது.

அப்படியே அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அண்ணன் மூடியை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். வழவழவென்று இருக்கிறது என்றார். பிறகு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினார், டீ ஊற்றினேன், வலது கையால் பிடித்துக் குடித்தார். சூடான கெட்டிலை வைக்க இடமில்லை. மூடியின் மேல் வைத்தோம். அளவு சரியாக இருந்தது.