பன்னிரண்டு வருஷ அனுபவம்

நிலவு, வடகுழி நிலையம். காற்றறைப் பதிவேடு.

மார்ச் 4, காலை 10:20
இன்று நேர்காணல் அறையில் இருந்தவர்கள்: நிலையத் தலைவர் சிற்றம்பலம், ஆள்சேர்ப்பு அதிகாரி ஹெலன், வேலை கேட்டு வந்த தஸ்லீமா, அபிநந்தன், காற்றறைக்காரி முத்துப்பேச்சி என்ற நான்.

காற்றறையில் அழுத்தம் சரி. கைவால்வு ஏழையும் திருகிப் பார்த்தேன், சரி.

காற்று, தண்ணீர், கதவு மூன்றையும் 'கோர்வை' என்ற மென்பொருளில் இணைக்க மூத்த பொறியாளர் வேண்டுமாம். விளம்பரம் கேட்டது, கோர்வையில் பன்னிரண்டு வருஷ அனுபவம். கோர்வை பிறந்தே எட்டு வருஷம்தான். அதன் முதல் பெட்டி இங்கே இறங்கியபோது கட்டைப் பிரித்தவள் நான். தஸ்லீமா எட்டு என்று எழுதியிருந்தாள். அபிநந்தன் பன்னிரண்டு.

"எட்டு வயசுப் பிள்ளைய பன்னெண்டு வருஷமா எப்படிய்யா வளத்தீரு?" என்று கேட்டேன்.

"ஆச்சி, நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றார் தலைவர். ஹெலன் குனிந்த தலை நிமிரவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி, அது படுத்துக்கிச்சுன்னா கையால திறக்க வழி வைப்பீங்களா?" என்றாள் தஸ்லீமா.

"கைக்கு வேலையே இருக்காது மேடம்" என்றான் அபிநந்தன். தலைவர் மேசையைத் தட்டி ரசித்தார். அவனுக்கே வேலை.

ஏப்ரல் 19, காலை 9:05
அபிநந்தன் வால்வுக் கைப்பிடி ஏழையும் கழற்றிக் கிடங்கில் பூட்டிவிட்டான். "பாக்க அசிங்கமா இருக்கு ஆச்சி." என் மூஞ்சியும்தான் அப்படி இருக்கு, அதையும் கழற்றேன் என்றேன்.

மே 2, பகல் 1:40
தண்ணீர் பம்பு நின்றது. உடனே கோர்வை எல்லாக் கதவையும் பூட்டியது. கதவு பூட்டியதால் இந்த அறைக்குக் காற்றை நிறுத்தியது. நான் உள்ளே, கைப்பிடிகள் கிடங்கிலே, கிடங்குக் கதவும் பூட்டு. இருப்பது நாலு மணி நேரக் காற்று. துணி சுற்றி வால்வுத் தண்டைத் திருகினேன். உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது.

பகல் 2:30
தஸ்லீமா, தென்குழி நிலையத்திலிருந்து வானொலியில்: "ஆச்சி, கைப்பிடியோட வண்டியில கிளம்பிட்டேன். ஆறு மணி நேரம் ஆகும். பேசாம படுங்க." அங்கே அவளை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அங்கே கைப்பிடிகள் இருக்கின்றன.

மாலை 4:10
அபிநந்தன், கதவுக்கு வெளியே இருந்து: "பொய் சொல்லிட்டேன் ஆச்சி. கோர்வைய மூணு மாசந்தான் படிச்சேன்." கதவை உதைத்து உதைத்துக் கால் வீங்கிவிட்டதாம். தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறாராம். புரட்டட்டும், அதிலாவது காற்று வருகிறதா பார்ப்போம்.

மாலை 5:05
ஹெலன்: "ஆச்சி, வெல்டருக்குப் போட்ட பழைய விளம்பரத்தையே எடுத்து, வேலையோட பேர மட்டும் மாத்தினேன். பன்னெண்டு வருஷம் அதுல இருந்தது. நீங்க கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு. திருத்தினா மறுபடி முதல்லேருந்து ஆள் தேடணுமேன்னு விட்டுட்டேன்."

மாலை 5:30
எழுத்து கோணுகிறது. தஸ்லீமா வந்தால் முதலில் சாப்பாடு போடுங்கள். அபிநந்தனை விட்டுவிட்டேன், அழுதான். தலைவருக்குப் புத்தியில்லை, இல்லாத பொருளுக்கு யாரைக் கேட்பது. தெரிந்துகொண்டே குனிந்திருந்த தலை ஒன்று உண்டு. அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். அந்தத் தலையின் பேரை எழுதிவிட்டுப் படு...

ஹெலன்