ஆசிட் என்று நீ கொடுத்த குப்பி

பனச்சமூடு
4-9-1996

மகன் ராபின்சனுக்கு அம்மா எழுதுவது. போன சனிக்கிழமை காலையில் நம்முடைய ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில் நின்றவர்கள் உன் அப்பா, பக்கத்துத் தோட்டத்துச் செல்லையன் அண்ணன், அவர் மனைவி ஓமனா, ரப்பர் சங்கத்துச் செயலாளர் பொன்னுதாஸ், பிறகு நான். ஐந்து பேரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். ஜப்பானில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன், ஆனால் சுகம் விசாரிக்க எழுதுகிற கடிதம் அல்ல இது.

மே மாதம் லீவுக்கு வந்தபோது நீ அப்பாவிடம் கொடுத்த இரண்டு குப்பியில் ஒன்றை அன்றைக்குத் திறந்தார். கரியமில வாயுவைத் தண்ணீரில் விட்டு, வெள்ளீய ஆக்சைடு பூசின தகட்டில் கரண்ட் கொடுத்தால், ரப்பர் பால் உறைய நாம் ஊற்றுகிற அதே ஆசிட் கிடைக்கும் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தார். எனக்க மகன் வாயுவிலேருந்து எடுத்ததாக்கும் இது என்று நெஞ்சை நிமிர்த்தினார். அதை நம்பிச் செல்லையன் அண்ணன் தன் பாலையும் நம் டிஷ்களிலேயே ஊற்றினார். பன்னிரண்டு டிஷ் பாலுக்கும் விட்டு முடித்தபோது குப்பியில் அடிமண்டி மட்டும் மிச்சம். சாயங்காலம் வரை பால் பாலாகவே கிடந்தது. எலே யோசுவா, ஜப்பான் ஆசிட்டுக்கு நம்ம பாஷை தெரியாதுல்லா, பாலுகிட்ட உறையச் சொல்ல ஒரு ஆளை வை என்று செல்லையன் அண்ணன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் கட்டிகட்டியாகத் திரிந்து நாற்றம், ஓமனா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எல்லாம் கழிவு விலைக்கு ஒட்டுப்பாலோடு போயிற்று. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? டிஷ் கழுவினது நானாக்கும், சோப்பு நின்றிருக்கும், தப்பு எனக்கது, பொறுத்துக்க அண்ணா என்று கையைக் கூப்பினார். நானும் கூட நின்றுதானே பார்த்தேன், அந்த டிஷ்களில் முகம் பார்க்கலாம்.

திங்கட்கிழமை அந்த அடிமண்டியை எடுத்துக்கொண்டு உதியன்குளங்கரைக்குப் பஸ் ஏறினேன், பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற சுயம்பு சாரிடம். அவர் முக்கின சிவப்பு லிட்மஸ் நீலமாயிற்று. அக்கா, இது ஆசிட் இல்ல, ஆசிட்டுக்க உப்பாக்கும், இதுக்குள்ள வேற ஆசிட் ஊத்தினாத்தான் நீங்க கேக்குத ஆசிட் வரும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்தேன், தேதிவாரியாக அடுக்கித்தான் வைத்திருக்கிறேன். போன நவம்பரில் நீயே எழுதியிருக்கிறாய், அம்மா, உப்பாகத்தான் கிடைக்கிறது, அதை ஆசிட் ஆக்குவதுதான் பெரும்பாடு என்று. எனக்கு உப்பு என்று எழுதினவன் அப்பாவிடம் மட்டும் எந்த வாயால் ஆசிட் என்று சொன்னாய்? உப்பு என்று சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் இதே மாதிரி நெஞ்சை நிமிர்த்தித்தானே நடந்திருப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னையே ரசாயனம் கேட்டுப் படிக்க வைத்துவிட்டாய். பி.எச்.டி. படிக்கிற உனக்கு உப்பு எது, ஆசிட் எது என்று தெரியாதா?

இப்போது அப்பா புது டிஷ் எடுத்து வைத்திருக்கிறார். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி சங்கக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் இரண்டாவது குப்பியைத் திறப்பாராம். சுயம்பு சார் சொன்னதைச் சொன்னேன், எனக்க மகனைவிட அவனுக்கு என்ன தெரியும் என்று எழுந்து போய்விட்டார். குப்பியை நான் ஒளித்துவைக்கலாம், ஆனால் உன் பொய்க்குக் காவல் நிற்க மாட்டேன்.

கர்த்தர் உன்னைக் காப்பார், உன் நாக்கை நீதான் காக்க வேண்டும். குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கு, வேதம் வாசிக்காமல் தூங்காதே. எனக்கு எழுத வேண்டாம். தப்பு டிஷ்ஷில் இல்லை, என்னிடம்தான் என்று உன் கையால் அப்பா பெயருக்கு எழுது, செல்லையன் அண்ணன் பெயரையும் சேர்த்து எழுது. பன்னிரண்டாம் தேதிக்கு முன் இங்கே வந்து சேரும்படி உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
யோ. சொர்ணபாய்