குடிலா, நாற்காலியா

சுவா, ஜூலை 9

அன்புள்ள ஹேமிஷ்,

உங்களுக்கும் உங்கள் முழங்காலுக்கும் வணக்கம். இருவரில் யார் அதிகம் முனகுகிறீர்கள் என்று எழுதுங்கள். நான் நலம். இக்கிழவியின் சட்ட வகுப்பில் மாணவர்களும் நலமாக உறங்குகிறார்கள்.

நேற்று நம் மகன் கேலம் தொலைபேசினான். அங்கே இப்போது குளிர்காலமல்லவா, பனிச்சறுக்கு விடுமுறைக்கு இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறானாம். ஒன்றில் வாசல்வரை சாலையும், உச்சிக்குப் போகக் கம்பியில் ஓடும் நாற்காலியும் உண்டு. மற்றது நம் பழைய பனிச்சறுக்குக் கிளப்பின் மலைக்குடில். அங்கே மூட்டையைச் சுமந்து ஒரு மணி நேரம் ஏறிய பிறகு, உச்சிக்குப் போக ஓடும் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும்.

"எதுங்கிறதை அப்பாவே சொல்லட்டும்மா. அவருக்கு அந்தக் குடில்னா உசிரு."

"அந்த முழங்காலோட எப்படிடா ஏறுவார்?"

"முடியலைன்னா வீட்ல இருக்கட்டும். எங்க நாய்ங்களைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல? லோர்னா தீனிகூட வாங்கி வெச்சுட்டா."

பிள்ளைக்கு உங்கள் வீம்பு மனப்பாடம். நீங்கள் பெருமையோடு குடிலைத் தேர்ந்தெடுப்பீர்கள். அவனும் மருமகள் லோர்னாவும் வருத்தத்தோடு உங்களை விட்டுச் செல்வார்கள். அந்தக் குடிலுக்குக் கூரை போட்டவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். கூரைக்குத் தெரியாது.

ஆகவே நாற்காலி என்று சொல்லிவிடுங்கள். மேலே உணவகத்தின் கண்ணாடிச் சன்னலோரம் அமர்ந்து, சூடான சூப்பைக் குடித்தபடி, அவர்கள் சறுக்கி விழுவதை ரசியுங்கள்.

உங்கள் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எனக்கு அனுப்புங்கள். இந்தத் தீவின் வெக்கையில் எதற்கென்று கேட்க வேண்டாம். துவைக்கவும் வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. குடில்தான் என்று முடிவு செய்தால், நாய்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இசபெல்