அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

எல்பிட்டிய,
மார்ச் 21

அன்பு மகன் உதாரவுக்கு,

நீயும் சஞ்சீவனியும், நான் இன்னும் கையில் வாங்காத என் பேத்தி செனுலியும் புத்தம் தம்மம் சங்கம் என்ற மும்மணிகளின் நிழலில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், யாருக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான் எழுதிப் பழக்கம், இன்றைக்குக் கை வரவில்லை. இதைக் கிழித்துப் போட்டுவிடாதே மகனே. போனைத்தான் அடைத்துவிட்டாய், பத்தொன்பது நாளாக உன் எண்ணுக்கு அடித்தால் ஒரு பொம்பளை ஏதோ பாஷையில் பேசுகிறாள், அவளிடமும் இரண்டு தடவை அழுதுவிட்டேன். சஞ்சீவனியின் எண் என்னிடம் இல்லை, இத்தனை நாளும் கேட்டு வாங்காதது என் திமிர்தான். பக்கத்து வீட்டு ரஞ்சனியக்காவின் மகன் கசுன் லீவில் வந்திருக்கிறான் இல்லையா, அவன் போனிலிருந்து அடிக்கச் சொன்னேன். எங்க வீட்டு விஷயம் பேசினா உன் சிநேகிதமும் வேணாம்டா என்று சொல்லி அவனிடமும் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் அவன் நீ இருக்கிற மிலானுக்குத் திரும்பும்போது அவன் பையிலேயே இந்தக் கடிதத்தை வைத்துவிடுகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டு நீ படித்து முடிக்கிற வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவனைத் திட்டாதே.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரிப் பௌர்ணமிப் போயா அன்று அப்பா வழுக்கி விழுந்தார், காலில் அடி, படுத்திருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். விகாரைக்குப் போக வெள்ளை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தவர் சீப்போடு சாய்ந்துவிட்டார். தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டதாம். வலது கை வரவில்லை, வலது கால் இழுக்கிறது, அதெல்லாம் பெரிதில்லை, பேச்சுப் போய்விட்டது. உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். சஞ்சீவனிக்கு ஏழாம் மாதம், ரத்த அழுத்தம் என்று நீயே சொன்னாய். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுக்குக் கெட்ட செய்தி அனுப்பக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதுதானே. பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நல்லது என்று நினைத்துச் செய்தது இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது, கேட்டியா.

பேச்சுப் போனது என்றால் முழுக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் கண் விழித்து என்னைப் பார்த்தார், நான் யாருன்னு தெரியுதா என்று கேட்டேன். அது கெடக்கட்டும் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, பேசிவிட்டாரே என்று தாதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், உங்க பேர் சொல்லுங்க ஐயா என்றாள், அது கெடக்கட்டும். தண்ணி வேணுமா, அது கெடக்கட்டும். சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு அப்புறம்தான் விளங்கியது. டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். பேச்சு இருக்கற அறைக்குப் பூட்டு விழுந்துடுச்சும்மா, நாக்கு ரொம்பப் பழகின ஒன்னு ரெண்டு வார்த்தை மட்டும் வெளியே மாட்டிக்கிச்சு, அவரா சொல்லல, அதுவா வருது என்றாள். நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாய் திறந்தால் அந்த ஒன்றுதான் வருகிறது.

எத்தனை வார்த்தை பேசியவர். இந்த மாவட்டத்தில் லயனல் கபுவா சேர்த்து வைத்த கல்யாணங்களை அவருக்கே எண்ணத் தெரியாது. கபுவா என்கிற கல்யாணத் தரகனுக்கு வாய்தானே மூலதனம். மாப்பிள்ளை குடிப்பானாமே என்று பெண் வீட்டார் கேட்டால், அது கெடக்கட்டும், பையனோட பல் வரிசையைப் பார்த்தீங்களா என்பார். பெண்ணுக்கு வயசு கூடவாமே என்றால், அது கெடக்கட்டும், இந்தப் பொண்ணு வைக்கிற மீன் குழம்பைச் சாப்பிட்டிருக்கீங்களா என்பார். எங்கள் வீட்டுக்கே அவர் இன்னொருவனுக்குப் பெண் கேட்டுத்தான் வந்தார். பதினொரு தடவை அது கெடக்கட்டும் சொன்னதை உன் சீயா, என் அப்பா, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்து, அந்தப் பையனும் கெடக்கட்டும்பா, உன் ஜாதகம் என்ன, எடு என்றாரே, அந்தக் கதையை நீ சின்னதில் எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாய். வாய் அடைபடுகிற இடத்திலெல்லாம் அந்த வார்த்தையைப் பலகை மாதிரி போட்டுத் தாண்டிப் போனார். நம் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. எனக்கு இந்தக் கேட்டியா. பேனாவுக்கும் ஒட்டிக்கொண்டது பார்.

உனக்கு அந்த வார்த்தை மேல் ஏன் அத்தனை கோபம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சஞ்சீவனியைப் பற்றி நீ நடுங்கிக்கொண்டு சொன்னபோது, அது கெடக்கட்டும், அம்பலாங்கொடையில ஒரு டீச்சர் பொண்ணு, ஜாதகம் இருபதுக்குப் பதினெட்டுப் பொருந்துது என்றார். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவருக்குத் தன் பிள்ளை தானே பார்த்துக்கொண்டது அவமானமாக இருந்தது. அது தப்பு, அவர் தப்புத்தான், நான் அன்றைக்கே சொல்லிச் சண்டை போட்டேன். ஆனால் நீயும் ஒன்று செய்தாய். ஏர்போர்ட்டுக்குப் போகிற அன்று காலையில் அவர் குளித்து, சட்டை மாற்றி, கை வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முன்னால் நான் பாய் விரித்து வைத்தேன். நீ வெற்றிலையோடு வந்து விழுந்து கும்பிடுவாய், தலையில் கை வைத்து ஆசி சொல்லி அனுப்பலாம் என்று காத்திருந்தார். நீ வாசல் படலையடியில் என் காலில் மட்டும் விழுந்துவிட்டு வேனில் ஏறினாய். வேன் சத்தம் அடங்கின பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் வரை பாயைச் சுருட்ட விடவில்லை.

இப்போது அந்த நாள். செனுலி பிறந்தாள் என்று நீ போன் செய்து, அப்பாகிட்ட குடும்மா, நானே சொல்றேன் என்றாய். ஆறு வருஷத்தில் முதல் தடவை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது மகனே. இரு, அப்பாவுக்கு இப்படி இருக்கிறது, அவரால் பேச முடியாது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா நான். சந்தோஷத்தில் ஓடிப் போய் போனை அவர் காதில் வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டதும் அவர் முகம் எப்படி ஆனது என்று உனக்கு யார் காட்டுவது. நீ சொல்லிக்கொண்டே போனாய், எனக்கும் கேட்டது, அப்பா, பொண்ணு பொறந்திருக்கா, உங்க காது அப்படியே இருக்கு என்றாய். அவர் இடது கையால் போனை என்னிடமிருந்து பிடுங்கி வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அது கெடக்கட்டும், அது கெடக்கட்டும் என்று கண்ணீர் வழிய வழியச் சொன்னார். நீ கண்ணீரைப் பார்க்கவில்லை, வார்த்தையைத்தான் கேட்டாய். ஆறு வருஷம் கழிச்சும் இதுதானா, என் மகளும் கெடக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நான் போனைத் திருப்பி வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதில்லை. கரண்டியைக் கொண்டு போனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். இலைக் கஞ்சி நாலு வாய், அதுவும் நான் அழுதால். டாக்டரம்மா நேற்று வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போடணும்மா, உடம்பு தாங்காது, இன்னொரு தடவை ரத்தம் கட்டினா நான் ஒன்னும் சொல்ல முடியாது என்றாள். பிழைக்க மனசு வேணும், அவருக்கு அது இல்ல என்றும் சொன்னாள். போன் மணி எங்கே அடித்தாலும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். தன் வாயே தனக்கு எதிரி ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது, அதுதான் கொடுமை. நான் கையெடுத்துக் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை போன் பண்ணு. எனக்குத் தெரியும்பா, நீங்க வேணும்னு சொல்லல என்று அவர் காதில் சொல்லு, அது போதும். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் உன் பெண்டாட்டியைக் கேள். அந்த ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவள்தானே, இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எப்போது வருவாய் என்று கேட்கும்போதெல்லாம் பார்ப்போம்மா பார்ப்போம் என்கிறாயே, அதுவும் அப்பாவுடையது போல ஒரு பலகைதான். யாருக்கு எது மிஞ்சும் என்று தெரியாது மகனே. நாளைக்கு உன் நாக்கில் ஒன்றே ஒன்று தங்கினால் அந்தப் பார்ப்போம்தான் தங்கும், செனுலி என்ன கேட்டாலும் அவளுக்கு அதுதான் கிடைக்கும். இதை எழுதும்போதே வாயைக் கழுவிக்கொண்டேன், உனக்கு அப்படி எதுவும் வரக் கூடாது.

இதுவரை எழுதி மடித்துவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும், நின்றுகொண்டே எழுதுகிறேன். கசுன் கடிதம் வாங்க வந்தான், வெளியே வேன் நிற்கிறது. பயணம் போகிற பிள்ளை அல்லவா, ரஞ்சனியக்கா வெற்றிலை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அப்பாவை அந்த நாற்காலியில்தான் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். வேண்டாம் கசுன், அவருக்குச் சங்கடமாப் போகும், நான் வாங்கிக்கறேன் என்றேன். அது எப்படி அத்தை, லயனல் மாமாவைக் கும்பிடாமப் போனா எங்கம்மா என்னை வேன்ல ஏத்த மாட்டா என்று சொல்லிக்கொண்டே வெற்றிலையை அவர் மடியில் வைத்துவிட்டு மண்டியிட்டு விழுந்துவிட்டான். அப்பாவின் இடது கை தானாக எழுந்து அவன் தலையில் போய் உட்கார்ந்தது. வாய் திறந்தது. புத்தர் துணை மகனே என்றார். தெளிவாக, பழைய குரலில், குழறாமல். கசுன் தலையைத் தூக்கவே பயந்து அப்படியே கிடந்தான்.

இன்னொரு தரம் சொல்லுங்க, இன்னொரு தரம் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அது கெடக்கட்டும் என்றார். நானும் பாய் விரித்து அவர் முன்னால் விழுந்து பார்த்தேன், முட்டி வலித்ததுதான் மிச்சம், வரவில்லை. போனில் உன் படம் இருக்கிறதே, அதை அவர் கையடியில் வைத்துப் பார்த்தேன், வரவில்லை. கையின் கீழே ஒரு பிள்ளையின் தலை வேண்டும் போலிருக்கிறது. எத்தனையோ வருஷம் எத்தனையோ தலையில் கை வைத்துச் சொல்லிப் பழகிய வாய், கை போன வழியே போகிறது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை மகனே, வயிறெரிந்தது. ஆறு வருஷமாக உனக்கென்று அவர் நெஞ்சில் வைத்திருந்தது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விட்டதே என்று அந்த நல்ல பையனை முறைத்துப் பார்த்துவிட்டேன். அவன் அழுதுகொண்டு நின்றான்.

ஆகவே மேலே போன் பண்ணு என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, பண்ணு, இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே பண்ணு, அவர் ஒரு வாய் கஞ்சி குடிக்க வேண்டும். ஆனால் போன் போதாது. ஏப்ரலில் வருஷம் பிறக்கிறது, ஊரில் முகம் பார்க்காதவர்களே வெற்றிலை கொடுத்துப் பேசிக்கொள்கிற நாள், அதற்குள் வந்துவிடு. சஞ்சீவனியையும் கூட்டிக்கொண்டு வா, அவளிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இருக்கிறது. பிள்ளைக்குத் தலையில் குல்லாய் போட்டுக் கொண்டு வா, விமானத்தில் குளிருமாம். பார்ப்போம் என்று மட்டும் சொல்லாதே மகனே, கேட்டியா. பாயை இன்றைக்கே விரித்துவிட்டேன், இனிச் சுருட்டப் போவதில்லை.

வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான். கடிதத்தின் கடைசியில் எப்போதும் எழுதுகிற ஆசியை இந்த முறை நான் எழுதவில்லை. அதை அவர் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
குசுமாவதி